வலிப்பு நின்ற பிறகு

பின்லாந்தின் தென்மேற்குக் கரையில் துர்க்கு என்றொரு பழைய துறைமுக நகரம் இருக்கிறது. 1961-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வட்டாரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையில் வலிப்பு நோய்க்காகப் பதிவான 245 குழந்தைகளின் பட்டியலை மத்தி சில்லன்பா என்ற மருத்துவர் கையில் எடுத்தார். எல்லோரும் 16 வயதுக்குட்பட்டவர்கள். இப்படிப்பட்ட பட்டியல்கள் பொதுவாக ஓர் ஆய்வேட்டுக்கும் இரண்டு மூன்று கட்டுரைகளுக்கும் பயன்பட்டுவிட்டு அலமாரிக்குப் போய்விடும். சில்லன்பா விடவில்லை. அந்தப் பிள்ளைகள் பள்ளி முடித்து, வேலை தேடி, சிலர் கல்யாணம் முடித்து, சிலர் இறந்தும் போய், மிச்சமிருந்தவர்கள் நடுவயதை எட்டும்வரை ஏறத்தாழ 40 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து பார்த்துவந்தார்.

பிள்ளைக்கு வலிப்பு நோய் என்று தெரிந்த அன்று பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: "இது சரியாயிடுமா, டாக்டர்?" அதற்கு நம்பிச் சொல்லக்கூடிய பதில் என்று இன்று இருப்பதில் பெரும்பங்கு இத்தகைய நெடுங்கால ஆய்வுகள் தந்தது. துர்க்கு தவிர அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள ராச்செஸ்டர், கனடாவின் நோவா ஸ்கோஷியா, நெதர்லாந்து என்று சில இடங்களில்தான் குழந்தைகளை நெடுங்காலம் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், பெற்றோரின் அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருப்பது தெரியும். வலிப்பு நிற்குமா என்பது ஒன்று. பிள்ளை நாலு பேரைப் போல வாழ்ந்துவிடுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு, ஊர் பயப்படுவதைவிட நல்ல பதில் கிடைத்திருக்கிறது. இரண்டாவதற்குக் கிடைத்திருப்பது, மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வதைவிடச் சங்கடமான பதில்.

முதலில் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். லண்டனின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் வில்லியம் கௌவர்ஸ் 1881-ல் வலிப்பு நோயைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். ஒவ்வொரு வலிப்பும் அடுத்த வலிப்புக்குப் பாதை போட்டுக்கொடுக்கிறது, ஆகவே நோய் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் என்பது அவர் கண்ட முடிவு. கௌவர்ஸ் கூர்மையான பார்வையாளர்; கண்டதைத்தான் எழுதினார். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த இடம் பெரிய நரம்பியல் மருத்துவமனை. இரண்டு முறை வலிப்பு வந்து பிறகு வராமலே போன பையன் அங்கே ஏன் வரப்போகிறான்? குணமானவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, குணமாகாதவர்கள் மட்டும் ஆண்டுக்கணக்கில் அதே வாசலில் நின்றார்கள். அவர்களை வைத்து எழுதப்பட்ட கணிப்பு நூறாண்டுக் காலம் பாடமாகவே இருந்தது.

கணக்கு மாறியது 1979-ல். ராச்செஸ்டரில் ஊர் முழுவதன் மருத்துவக் குறிப்புகளும் ஒன்றாகத் தொகுக்கப்பட்டிருந்தன. அதனால் பெரிய மருத்துவமனைக்கு வந்தவர், வராதவர் என்ற பேதமில்லாமல் எல்லோரையும் எண்ண முடிந்தது. நோய் கண்டறிந்து 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது 70 சதவீதம் பேர் தொடர்ந்து 5 ஆண்டுகளாவது வலிப்பில்லாமல் இருந்தார்கள். மொத்தத்தில் பாதிப்பேர் மாத்திரையும் இல்லாமல் இருந்தார்கள். ஈக்வடார் நாட்டின் மலைக் கிராமங்களில், பெரும்பாலும் மருந்தே எட்டாத மக்களிடம் பின்னர் நடந்த ஆய்விலும் கணிசமானவர்களுக்கு வலிப்பு தானாகவே அடங்கிப்போயிருந்தது. வலிப்பு எல்லோரிடமும் தன்னை வளர்த்துக்கொள்கிறது என்ற கருத்து அதோடு ஆட்டம் கண்டது.

துர்க்கு ஆய்வின் முக்கியமான முடிவுகள் 1998-ல் வெளிவந்தன. முழு விவரம் கிடைத்த 176 பேரில் 112 பேர், அதாவது 64 சதவீதம், கடைசி 5 ஆண்டுகளில் ஒரு வலிப்புகூடக் காணவில்லை. அவர்களில் 83 பேர் மருந்தை விட்டுவிட்டவர்கள். நெதர்லாந்தில் 413 குழந்தைகளை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில் இந்த விகிதம் 71 சதவீதம். நாடு வேறு, காலம் வேறு, மருந்துகளும் மாறிவிட்டன. எண் மட்டும் மூன்றில் இரண்டு பங்கைச் சுற்றியே நிற்கிறது. புதிய மருந்துகள் குவிந்தபின்னும் இந்த எண் பெரிதாக நகரவில்லை என்பது மருந்து நிறுவனங்கள் விரும்பிச் சொல்லும் செய்தி அல்ல. யாருக்கு நிற்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல துர்க்குவில் இரண்டு விஷயங்கள் உதவின. மூளையில் காயமோ கோளாறோ காரணமாகத் தெரியாத வலிப்பா என்பது ஒன்று. மருந்து தொடங்கிய முதல் 3 மாதங்களில் வலிப்பு எந்த அளவுக்குக் குறைந்தது என்பது இன்னொன்று.

மூன்றில் இரண்டு என்பது சராசரி. சராசரியை எந்தக் குழந்தையும் வாழ்வதில்லை. ஒரே பெயரின் கீழ் பத்திருபது வெவ்வேறு நோய்கள் அடைந்து கிடக்கின்றன. அவற்றின் போக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது.

ஏழெட்டு வயதுப் பிள்ளை விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. வாயின் ஒரு கோணம் வெட்டி வெட்டி இழுக்கிறது, எச்சில் வடிகிறது. அம்மா கூப்பிடுவது கேட்கிறது. பதில் சொல்ல நாக்கு வரவில்லை. ஓரிரு நிமிடத்தில் எல்லாம் சரியாகி, பிள்ளை நடந்ததை அப்படியே சொல்கிறது. பார்த்தவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். ஆனால் இது 'ரோலாண்டிக்' வகை வலிப்பென்று இ.இ.ஜி. காட்டினால் மருத்துவர் நிம்மதியாக மூச்சுவிடலாம். 16 வயதுக்குள் ஏறத்தாழ எல்லோருக்கும் நின்றுவிடும். பலருக்குத் தினசரி மாத்திரைகூட வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறாக, பார்ப்பவர் யாரும் பயப்படாத வலிப்பு ஒன்று உண்டு. பதினான்கு, பதினைந்து வயதில் தொடங்கும். காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையைவிட்டுத் துள்ளும். காபி டம்ளர் சிந்தும். "கவனமே இல்ல உனக்கு" என்று வீட்டில் திட்டுவார்கள். பொதுத்தேர்வுக்காக இரவெல்லாம் கண்விழித்துப் படித்த மறுநாளோ, கல்யாண வீட்டில் தூங்காமல் கழித்த மறுநாளோ முதல் பெரிய வலிப்பு வரும். அப்போதுதான் முந்தைய துள்ளல்களும் வலிப்பே என்று தெரியும். இந்த இளம்பருவத் துள்ளல் வலிப்பு மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். ஆனால் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குத் திரும்பிவிடும். நோவா ஸ்கோஷியாவில் இவர்களை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது சிலருக்கு நோய் முற்றிலும் விலகியிருந்தது, பலருக்கு விலகவில்லை. கோரமாகத் தெரிவது எளிதில் போய்விடுகிறது, அற்பமாகத் தெரிவது நெடுநாள் தங்கிவிடுகிறது. கண்ணால் கண்டதை வைத்து அக்கம்பக்கத்தார் சொல்லும் ஆறுதலும் எச்சரிக்கையும் தலைகீழாகிப் போவது இதனால்தான்.

காய்ச்சலில் வரும் வலிப்பை இந்தக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது. ஐந்து வயதுக்குள் நூற்றில் 2 முதல் 5 குழந்தைகளுக்கு அது வருகிறது. அமெரிக்காவில் சுமார் 54,000 கர்ப்பங்களைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளில் 7 வயதுக்குள் வலிப்பு நோயாளியானவர்கள் 2 சதவீதம் பேர்தான்.

இன்னொரு கோடியில் இருப்பவை கைக்குழந்தைப் பருவத்தின் கடுமையான வலிப்புகள். இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் வெஸ்ட் 1841-ல் 'லான்செட்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் கைக்குழந்தை தலையை முழங்காலை நோக்கித் திரும்பத் திரும்பக் கவிழ்ப்பதையும், பார்வையில் ஒளி குறைந்து வருவதையும் விவரித்து, இப்படி வேறு யாரும் கண்டதுண்டா என்று கேட்டிருந்தார். அந்த நோய் அவர் பெயராலேயே நிலைத்துவிட்டது. நம் ஊரில் இது வயிற்று வலி, திடுக்கிடுதல், தூக்கக் கலக்கம் என்று வாரக்கணக்கில் கடந்துபோகும். இங்கே காலம் கடப்பது வெறும் தாமதமல்ல. பிரிட்டனில் நடந்த ஆய்வில், முதல் அசைவுக்கும் மருந்துக்கும் இடையிலான நாட்கள் கூடக்கூட, நான்கு வயதில் அந்தக் குழந்தையின் வளர்ச்சி மதிப்பெண் குறைந்திருந்தது. கைக்குழந்தை தூங்கி எழும்போதெல்லாம் கொத்துக் கொத்தாகக் குனிந்து குனிந்து நிமிர்ந்தால், கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் ஓடவேண்டும். வலிப்பு நோயில் அவசரம் என்று அடித்துச் சொல்லத்தக்க இடம் இது.

தமிழ்நாட்டுக்கு மட்டுமே உரியது என்று சொல்ல முடியாவிட்டாலும், இங்கே வேலூரில் அவிழ்க்கப்பட்ட ஒரு முடிச்சையும் சொல்லியாக வேண்டும். 1980-களில் சி.டி. ஸ்கேன் வந்தபோது, வலிப்பு வந்த பல இந்தியர்களின் மூளையில் பட்டாணி அளவுக்கும் சிறிதான ஒரு வட்டப் புள்ளி தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோர் அந்தப் புள்ளிகளைத் திசு எடுத்துப் பரிசோதித்தபோது, பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கூடுகள் என்று தெரிந்தது. பின்னாளில் வேலூர் வட்டாரத்தில் எடுத்த கணக்கெடுப்பில் வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணமாக இருந்தது.

சைவ வீட்டில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். "நாங்க முட்டைகூட சாப்பிடறதில்லையே" என்பார்கள். மூளைக்குப் போகும் முட்டை பன்றிக்கறியில் இல்லை. புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து மண், தண்ணீர், கழுவாத கீரை, கழுவாத கை வழியாக வருகிறது. பிள்ளையின் எதிர்காலத்தைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் நல்ல செய்தி. புள்ளி ஒன்றே ஒன்றாக இருந்து, சில மாதங்களில் மறைந்தும்விட்டால் மருந்தைச் சீக்கிரமே நிறுத்திவிடலாம். சுண்ணாம்புத் தழும்பாக இறுகி நின்றுவிட்டால் வலிப்பு திரும்பும் வாய்ப்பு அதிகம். "மூளையில் கட்டி" என்ற சொல்லோடு வீடு திரும்பும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசத்தை உட்கார்ந்து விளக்க யாராவது பத்து நிமிடம் ஒதுக்கினால், எத்தனையோ இரவுகளின் அழுகை மிச்சமாகும்.

மருந்துக்கு அடங்காதவர்கள் கதை தனி. கிளாஸ்கோவில் முதன்முறையாக மருந்து தொடங்கிய 470 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2000-ல் வந்தது. முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்தில் மேலும் 13 சதவீதம். மூன்றாவதற்குப் போனபோது பயன் கண்டவர்கள் சொற்பம். அதில் குழந்தைகள் குறைவு. இருந்தாலும் அதிலிருந்து பிறந்த விதி எல்லா வயதுக்கும் பொருந்துகிறது. சரியாகத் தேர்ந்தெடுத்து, சரியான அளவில் கொடுத்த இரண்டு மருந்துகள் தோற்றால், அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று கொண்டு அறுவை சிகிச்சை சாத்தியமா என்று பார்க்கவேண்டும். நடைமுறையில் நடப்பது வேறு. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது மாத்திரை என்று ஆண்டுகள் போகும். பிள்ளை தூங்கி வழியும்.

அந்த ஆண்டுகளின் விலை என்ன என்பதற்கு நம் நாட்டிலிருந்தே திட்டவட்டமான சான்று உண்டு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மஞ்சரி திரிபாதி, சரத் சந்திரா குழுவினர், 18 வயதுக்குட்பட்ட 116 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 பேருக்கு அறுவை சிகிச்சை; 59 பேர் மருந்தோடு காத்திருப்போர் வரிசையில். ஓராண்டு முடிவில், 2017-ல் வெளியான கணக்கின்படி, அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 77 சதவீதம் பேர் வலிப்பின்றி இருந்தார்கள். மற்றவர்களில் 7 சதவீதம். மருத்துவ ஆய்வுகளில் இவ்வளவு பெரிய இடைவெளி அபூர்வம். இதற்குக் கொடுத்த விலையும் அதே கட்டுரையில் இருக்கிறது: அறுவை சிகிச்சை பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவு, பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத் தளர்ச்சி. மூளையின் ஒரு பாதியையே துண்டிக்கவேண்டிய பிள்ளைகளுக்கு அது முன்பே தெரிந்து ஏற்ற இழப்பு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் இத்தகைய அறுவை சிகிச்சை நடக்கிறது. குமரி, நெல்லைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே போகலாம் என்று யார், எந்த வயதில் சொல்லி அனுப்புகிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

மரணத்தைப் பற்றி மருத்துவர்கள் பெற்றோரிடம் பேசுவது குறைவு. பேசவேண்டும். துர்க்குவின் 245 பேரில் 40 ஆண்டுகளில் 60 பேர் இறந்துபோனார்கள். அந்த வயதினரிடம் எதிர்பார்க்கத்தக்கதைப்போல் மூன்று மடங்கு. 18 பேர் காரணம் தெரியாமல் திடீரென்று, பெரும்பாலும் வளர்ந்த பிறகு இறந்தவர்கள். 6 பேர் நீரில் மூழ்கியவர்கள். மூளையில் வேறு கோளாறில்லாத பிள்ளைகளில் 14 வயதுக்கு முன் அப்படித் திடீர் மரணம் ஒன்றுகூட இல்லை. குழந்தைகளில் திடீர் மரணம் ஆண்டுக்கு 4,500 பேரில் ஒருவருக்கு என்பது இன்றைய மதிப்பீடு. பெரியவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கு. வலிப்பு நின்றவர்களிடம் இந்த ஆபத்து மிகக் குறைவு. நெஞ்சில் தைத்தது நீரில் மூழ்கிய அந்த 6 பேர்தான், ஏனென்றால் அதைத் தடுத்திருக்க முடியும். கிணறு, கண்மாய், ஆறு என்றால் நீச்சல் தெரிந்த ஒருவர் கூடவே இருக்கவேண்டும். குளியலறையில் தொட்டிக்குப் பதில் வாளியும் குவளையும் போதும். கதவைத் தாழிடாமல் சாத்திக்கொண்டால் போதும். இவ்வளவு சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. மருந்துச் சீட்டில் எழுதியும் கொடுக்கலாம்.

இனி இரண்டாவது கேள்வி.

துர்க்குப் பிள்ளைகளை, அதே ஊரில் அதே வயதில் வலிப்பில்லாமல் வளர்ந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றுபோவது இரண்டு மடங்குக்குச் சற்று மேல். கல்யாணமாகாமல் இருப்பது மூன்றரை மடங்கு. பிள்ளையில்லாதிருப்பது மூன்று மடங்கு. வேலையில்லாதிருப்பது ஏறத்தாழ நான்கு மடங்கு. பின்லாந்து கல்வியையும் மருத்துவத்தையும் பெரும்பாலும் அரசு செலவில் தரும் நாடு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிக்கவேண்டும்.

இதைக் கண்டதும் எழும் முதல் மறுமொழி, மூளையில் ஏற்கெனவே கோளாறுள்ள பிள்ளைகள்தான் இந்தக் கணக்கைக் கெடுத்திருப்பார்கள் என்பது. அல்லது, எந்த நாள்பட்ட நோயும் பிள்ளையின் படிப்பைப் பாதிக்கத்தானே செய்யும் என்பது. இந்த இரண்டையும் சோதிக்க நோவா ஸ்கோஷியாவில் எலைன் விரெல், காம்ஃபீல்ட் தம்பதியர் ஆகியோர் செய்த ஏற்பாடு புத்திசாலித்தனமானது. அவர்கள் எடுத்துக்கொண்டது வலிப்பிலேயே இலேசானது என்று கருதப்பட்ட வகை. பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே பத்து வினாடி வெறித்துப் பார்க்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய பாடத்தில் நடுநடுவே சொற்கள் விடுபட்டிருக்கும். மருத்துவர் ஒரு காகிதத் துண்டை எதிரே பிடித்து, "இதை மூணு நிமிஷம் ஊதிக்கிட்டே இரு" என்பார். ஊதும் பிள்ளை திடீரென்று நிறுத்தி, கண்கள் நிலைகுத்தி நிற்கும். நோய் அங்கேயே தெரிந்துவிடும். அறிவுத்திறனில் குறைவில்லை, மூளைப் படத்தில் கோளாறில்லை. இந்தப் பிள்ளைகளை அவர்கள் ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிடவில்லை. சிறுவயது மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். வலி, மருத்துவமனை, தவறும் பள்ளி நாட்கள் எல்லாம் மூட்டுவாதத்திலும் உண்டு. மூளை மட்டும் அதில் சம்பந்தப்படவில்லை.

இரு சாராரும் வாலிபப் பருவத்தை எட்டியபிறகு, 1997-ல் முடிவு வெளிவந்தது. படிப்பு, நடத்தை, வேலை, திட்டமிடாத கர்ப்பம் என்று பெரும்பாலான அளவுகோல்களில் வலிப்புக்காரர்களே பின்தங்கினார்கள். வலிப்பு தொடர்ந்தவர்கள் நிலை மோசம். ஆனால் வலிப்பு நின்றுபோனவர்களும் மூட்டுவாதக்காரர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள். என் வாசிப்பில் இந்தத் துறையின் மிக முக்கியமான கட்டுரை இதுதான். நோய் போய்விட்டது, அது நடத்திய பாடம் போகவில்லை.

ஏன் என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை. ஒரு பங்கு மூளையிலேயே இருக்கிறது. வெறித்துப் பார்க்கும் வலிப்புள்ள 453 குழந்தைகளுக்கு மூன்று மருந்துகளை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில், மருந்து தொடங்குமுன்பே மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களிடம் கவனக் குறைபாடு இருந்தது. வலிப்பு நின்ற பின்னும் அது நீடித்தது. இந்தியானாவில் ஜோன் ஆஸ்டின் குழு இன்னும் ஒரு படி பின்னே போனது. முதல் வலிப்பு தெரிவதற்கு முந்தைய ஆறு மாதங்களில் பிள்ளை எப்படி இருந்தது என்று பெற்றோரிடம் கேட்டார்கள். நடத்தைச் சிக்கல்கள் அப்போதே வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தன. அப்படியானால் வலிப்பும் கவனக் குறைபாடும் ஒன்றுக்கு ஒன்று காரணமும் விளைவும் அல்ல; ஒரே வேரில் முளைத்தவை. வலிப்பை மட்டும் அடக்கிவிட்டு, மற்றது தானாகப் போகும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. இங்கிலாந்தின் வைட் தீவில் நடந்து 1970-ல் வெளியான ஆய்விலும் இதே சாயல் உண்டு. மூளையைச் சாராத நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளில் மனநலச் சிக்கல் எட்டில் ஒருவருக்கு. வேறு மூளைக் கோளாறு இல்லாத வலிப்புப் பிள்ளைகளில் மூவரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு.

இன்னொரு பங்கு மாத்திரையில். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தலைமுறைகளாக இருந்துவரும் கார்டினால் என்ற வலிப்பு மருந்து மலிவு, திறமானது. அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். மேற்கு வங்கக் கிராமங்களில் 1990-களில் நடந்த ஆய்வில் கார்டினாலை எப்டாயின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தோடு ஒப்பிட்டு, அதைவிட மோசமில்லை என்றே கண்டார்கள். அதே சமயம், காய்ச்சல் வலிப்பு மீண்டும் வராதிருக்கத் தினசரி கார்டினால் கொடுக்கப்பட்ட அமெரிக்கக் குழந்தைகள், இரண்டாண்டு முடிவில் அறிவுத்திறன் அளவில் வெற்று மாத்திரை தின்றவர்களைவிட 8.4 புள்ளிகள் கீழே இருந்தார்கள். அங்கே தடுக்கவேண்டிய ஆபத்து சிறியது. கொடுத்த விலை பெரியது. எந்த மருந்து என்பதோடு எதற்காக, எவ்வளவு காலம் என்றும் கேட்கவேண்டியிருக்கிறது. இரண்டாண்டு வலிப்பில்லாமல் இருந்தால் பொதுவாக மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம். சுமாராக மூன்றில் ஒரு பிள்ளைக்குத் திரும்பக்கூடும். இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு முடிவைக் குடும்பத்தோடு சேர்ந்து எடுப்பதுதான் முறை. "எதுக்கு வம்பு, இருந்துட்டுப் போகட்டும்" என்று பத்தாண்டு ஒரே சீட்டைத் திருப்பி எழுதுவது எளிது.

மூன்றாவது பங்கு வீட்டில், பள்ளியில். இது ஆய்வு அட்டவணைக்குள் அவ்வளவு சுலபமாக அடங்குவதில்லை. பிள்ளையைச் சைக்கிள் தொடவிடமாட்டார்கள். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியும் கடைசி நாளில் வேண்டாம் என்பார்கள். விளையாட்டு வகுப்பில் புத்தகப் பைகளுக்குக் காவலாக உட்காரவைப்பார்கள். பதினாறு வயதிலும் அம்மா பக்கத்தில்தான் படுக்கை. வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தால், "விடுதியில வந்துட்டா யார் பார்ப்பா?" அன்பினால் செய்வதுதான், சந்தேகமில்லை. மாதத்துக்கு நாலு முறை விழும் பிள்ளைக்கு அதில் சிலது தேவையும்கூட. ஆனால் மூன்று வருஷமாக வலிப்பே வராத பிள்ளைக்கும் அதே வேலி தொடர்கிறது. தனியாக பஸ் ஏறி, சில்லறை வாங்கி, வழி தவறி, வழி கேட்டு வீடு வந்து சேராத பிள்ளை இருபத்தைந்து வயதில் வேலைக்கு நேர்காணலில் எப்படி உட்காரும்? துர்க்குவின் நான்கு மடங்கு வேலையின்மையில் இதற்கும் கணிசமான பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

சட்டம் தன் பங்குக்கு நெடுங்காலம் ஒரு வேலி போட்டிருந்தது. இந்துத் திருமணச் சட்டத்தில், அடிக்கடி பைத்தியமோ வலிப்போ வருபவர் மணம் முடிக்கத் தகுதியற்றவர் என்ற பொருளில் ஒரு விதி இருந்தது. வலிப்பையும் பைத்தியத்தையும் ஒரே வரியில் வைத்த அந்த விதியிலிருந்து வலிப்பு என்ற சொல் 1999-ல் செய்த திருத்தத்தில்தான் நீங்கியது. பெண் பார்க்கும் பேச்சிலிருந்து அது இன்னும் நீங்கவில்லை. மறைத்துக் கட்டிவைப்பார்கள். புகுந்த வீட்டில் மாத்திரை அட்டையை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பெண் சாப்பிடாமல் விடுவாள். கல்யாணச் சடங்குகளில் தூக்கமும் போயிருக்கும். திடீரென்று மருந்தை நிறுத்துவதும் தூக்கம் கெடுவதும் வலிப்பை வரவழைப்பதில் முதலிடத்தில் இருப்பவை. ஆகவே பல ஆண்டுகள் வராதிருந்தது கல்யாணம் முடிந்த சில நாட்களில் வரும். ஏமாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு அங்கேதான் கிளம்பும்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இதற்கும் முன்பே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. சோடியம் வால்ப்ரோயேட் என்ற மருந்து மேலே சொன்ன இளம்பருவத் துள்ளல் வலிப்புக்கு மிக நன்றாகக் கேட்கும். நம் மருந்துக்கடைகளில் வால்பாரின், என்கோரேட் என்ற பெயர்களில் கிடைக்கிறது. கருவிலிருக்கும் குழந்தைக்கு அது நல்லதல்ல. கர்ப்பக் காலத்தில் தாய் சாப்பிட்ட வலிப்பு மருந்துகளை ஒப்பிட்ட கிம்ஃபோர்ட் மீடர் குழுவின் ஆய்வு 2013-ல் வந்தது. வால்ப்ரோயேட் சாப்பிட்டவர்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் அறிவுத்திறன் சராசரி 97. மற்ற மருந்துகள் சாப்பிட்டவர்களின் பிள்ளைகளுக்கு 105 முதல் 108. உடலுறுப்புக் குறைபாடுகளும் அதில் கூடுதல். பெண் கருவுற்றிருப்பது தெரிந்தபிறகு அவசரமாக மருந்தை மாற்றுவது தாய்க்கும் ஆபத்து; கருவின் உறுப்புகள் உருவாகும் முதல் வாரங்களும் அதற்குள் போய்விட்டிருக்கும். திருவனந்தபுரத்தில் சஞ்சீவ் தாமஸ் 1998-ல் தொடங்கிய கேரள வலிப்பு - கர்ப்பப் பதிவேடு, பெண்களைக் கருவுறுமுன்பே சேர்க்க முயல்வது இதனால்தான். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்லபடியாகக் குழந்தை பெற்றுக்கொள்கிறார்கள் என்பதும் அந்தப் பதிவேட்டிலிருந்தே தெரியவருவது.

வேறு மருந்துக்கு மாறமுடியுமா, மாறினால் வலிப்பு கட்டுப்படுமா என்று பொறுமையாகப் பார்க்கவும், ஃபோலிக் அமில மாத்திரையைச் சேர்க்கவும் தோதான வயது பதினைந்து, பதினாறு. அந்த வயதில் அவள் இன்னும் குழந்தைகள் பிரிவுக்குத்தான் வருகிறாள். மருத்துவர் எதிரே உட்கார்ந்திருப்பது அம்மா. எத்தனை நாளாக வரவில்லை, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்ற கேள்விகளுக்கெல்லாம் அம்மாவே பதில் சொல்கிறார். மாத்திரையின் பெயரைக் கேட்டால், "அந்த வெள்ளை மாத்திரை, ராத்திரிக்கு ஒண்ணு" என்பாள் பெண்.